கயிற்றை விடாதவனின் நடத்தைப் பத்திரம்

1

நம் தூத்துக்குடிக் கரையில் இன்று மாதா கோயில் கொடியேற்றம். இந்நேரம் கடற்கரைத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. கொழும்பில் இன்று வெறும் வேலைநாள். விடிந்ததும் துறைமுகக் கேட்டில் போய் நின்றேன். பெயரைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனேன், மாலையில் வெளியே வந்தேன். இப்போது சாப்பிட்டுவிட்டு ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து அறையில் என் மகள் பிலோமி ஏதோ இங்கிலீஷ் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். மாதா பாட்டில் அவளுக்கு இரண்டு வரிக்கு மேல் வராது.

போன வருஷம் இதே கொடியேற்ற நாளில்தான் துறைமுகச் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். கப்பலின் அடியில் இறங்கி வேலை செய்யும் முக்குளிப்பவர்களுக்குக் கயிறு பிடிக்க நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும், யுத்தத்தில் சேவை செய்தவர்களுக்கு முதலிடம், டிஸ்சார்ஜ் காகிதத்தோடு வரவும் என்று போட்டிருந்தது. மாதாவே எனக்காக எழுதி ஒட்டியது மாதிரி இருந்தது. இந்தத் துறைமுகத்தில் நான் தினக்கூலி. பெயர் கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதுதான். போதாததற்கு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இங்கே தங்குவதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்று இப்போது புதுச் சட்டம் பேசுகிறார்கள். நிரந்தர வேலை இருந்தால் அதுவே காரணம். பிலோமியின் படிப்பை நடுவில் நிறுத்தி அவளை ஊர் திரும்பும் தோணியில் ஏற்ற வேண்டியிருக்காது.

ஆக, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். கிளார்க் வாங்கிப் பார்த்தார். சேவை செய்த காலம், உயரம், வலது புருவத்தில் தழும்பு எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கடைசி வரியில் விரலை வைத்தார். அங்கே நடத்தை என்று அச்சடித்திருக்கும். அதற்கு எதிரில் சிவப்பு மையில் 'பேட்', அதாவது மோசம், என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும்.

"இது என்ன?" என்றார்.

"அது தப்பா எழுதிட்டாங்கய்யா."

"தப்பென்றால் எழுதின ஆளிடம் போய் திருத்திக்கொண்டு வா. கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பேன்."

காகிதத்தை இரண்டு விரலால் நுனியில் பிடித்துத் திருப்பித் தந்தார். அந்த இரண்டு விரலை நான் இன்னும் மறக்கவில்லை.

2

அந்த 'பேட்' எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நம் கரைக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் வயல் பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டுமே.

முத்துக்கோ சங்குக்கோ குளிக்கப் போகிறவன் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போகிறான். அவன் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை மேலே வள்ளத்தில் நிற்கிறவன் கையில். கீழே இருப்பவனுக்கு மூச்சு முட்டினாலோ சுறா வந்தாலோ அவனால் கத்த முடியாது. கயிற்றைத்தான் இழுப்பான். மேலே இருப்பவன் அந்த இழுப்பை உள்ளங்கையில் வாங்கி உடனே தூக்க வேண்டும். கொஞ்சம் கவனம் பிசகினால் பிணத்தைத்தான் தூக்குவான்.

அதனால் நம் ஆட்கள் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுப்பதில்லை. பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். கயிறு நழுவினால் தாலியறுப்பது அவன் தங்கச்சி. அந்தப் பயம் இருக்கிற கை சும்மா இருக்காது என்பது கணக்கு. ஆள் கீழே இருக்கும்போது கயிறு பிடிக்கிறவன் பேச மாட்டான், திரும்ப மாட்டான், யார் கூப்பிட்டாலும் ஏனென்று கேட்க மாட்டான். கயிற்றைக் கை மாற்றவே மாட்டான். பங்குச் சாமியார் வள்ளத்தில் வந்து நின்றாலும் அப்படித்தான். ஆள் மேலே வந்த பிறகுதான் அவருக்குத் தோத்திரம் சொல்வான். அதில் எந்தச் சாமியாரும் கோபித்துக்கொண்டதில்லை.

என் தங்கச்சி ரோசம்மாளைக் கட்டியவன் சவரிமுத்து. கல்யாணமான வருஷத்திலிருந்து அவனுக்குக் கயிறு பிடித்தது நான்தான். பர்மா ஜப்பான்காரனிடம் விழுந்த சமயம் முத்துக்குளிப்பும் இல்லை, கூலியும் இல்லை. யுத்தக் கப்பல்களுக்கு முக்குளிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் சேர்ந்தே போய்ப் பெயர் கொடுத்தோம். சவரியை முக்குளிக்க எடுத்தார்கள். 'இவருதான் எனக்குக் கயிறு பிடிப்பாரு, இல்லேன்னா நான் வரல' என்று அவன் ஒற்றைக் காலில் நின்றதால் என்னையும் எடுத்தார்கள்.

3

வடக்கே ஒரு துறைமுகம். பெயர் எதற்கு? ஒரு கப்பலின் சுழல்விசிறியில் கம்பிவடம் சுற்றிக்கொண்டு கப்பல் நகர முடியாமல் நின்றது. சவரி இரும்புத் தொப்பி மாட்டி, காற்றுக்குழாயோடு கீழே போனான். இரண்டு பேர் காற்றுப் பம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கயிறு என் கையில்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய துரை ஒருவர் பார்வையிட வந்துவிட்டார். தளத்தில் இருப்பவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. சின்ன துரை என்னிடம் வந்து, பக்கத்தில் நின்ற ஒரு சிப்பாயிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு வரிசைக்கு வா என்றார். அந்தச் சிப்பாய் பாவம், கயிற்றை ஆட்டுக்குட்டியைப் பிடிப்பதுபோல் வாங்க வந்தான். நான் கொடுக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. முகம் தண்ணீரைப் பார்த்து, முதுகு துரைகளைப் பார்த்து நின்றேன். பெரிய துரை என் பின்னாலேயே வந்துவிட்டார். நான் சலாம் வைக்கவில்லை. சின்ன துரை என் தோளைப் பிடித்துத் திருப்பினார். அதே நேரத்தில் கயிறு இழுபட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று இழுப்பு என்றால் தூக்கு என்று அர்த்தம். தோளில் இருந்த கையை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டுத் தூக்கினேன்.

சவரி மூக்கிலும் காதிலும் ரத்தத்தோடு வந்தான். காற்றுக்குழாய் கம்பிவடத்துக்குள் சிக்கி நசுங்கியிருந்தது. தொப்பியைக் கழற்றினதும் அவன் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு, "மச்சான், நீருதானா?" என்றான். அதற்குப் பிறகுதான் திரும்பினேன். சலாமும் வைத்தேன். ஆனால் அதற்குள் என்னைப் பிடிக்க இரண்டு பேர் துப்பாக்கியோடு நின்றார்கள்.

விசாரணையில் கேட்ட கேள்விகள் மூன்று. உத்தரவு காதில் விழுந்ததா? விழுந்தது. கீழ்ப்படிந்தாயா? இல்லை. அதிகாரியைத் தள்ளினாயா? தள்ளினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று மொழிபெயர்க்க வந்தவர் அடக்கினார். என்னைச் சேவையிலிருந்து நீக்கி, நடத்தை 'பேட்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். சவரி யுத்தம் முடியும்வரை இருந்து, 'வெரி குட்' வாங்கி வந்து, இன்று தூத்துக்குடி துறைமுகத்தில் நிரந்தர வேலையில் இருக்கிறான். இருக்கட்டும், எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இல்லை. உயிரோடு இருந்ததற்கு 'வெரி குட்' கொடுத்தவர்கள், உயிரோடு வைத்திருந்தவனுக்கு 'பேட்' கொடுத்தார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நம் ஊரில் எனக்கு ஒரு இடத்திலும் வேலை கிடைக்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் என்ன திருடினாய் என்பதுபோல் பார்த்தார்கள். அதனால்தான் வெங்காய மூட்டைகளோடு மூட்டையாகத் தோணியேறி இங்கே வந்தேன். பிறகு என் மனைவி லூர்துவையும் பிலோமியையும் அழைத்துக்கொண்டேன்.

4

வெள்ளைக்காரன் போனதும், இனி நம் சர்க்கார்தானே என்று டெல்லிக்கு மனுப் போட்டேன். இது முந்தைய சர்க்கார் செய்த முடிவு, எங்களால் தலையிட முடியாது என்று பதில் வந்தது. முந்தைய சர்க்கார் லண்டனில் இருக்கிறதே என்று அங்கே போட்டேன். எல்லாப் பொறுப்பையும் இந்திய சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று மிக மரியாதையாக எழுதினார்கள். மறுபடி டெல்லி. தேசம் பிரிந்தபோது உங்கள் பழைய தாள்கள் கராச்சிக்குப் போயிருக்கலாம் என்றார்கள். கராச்சிக்குப் போட்டால், நீங்கள் எந்த நாட்டுக்காரரோ அந்த நாட்டு சர்க்கார் மூலம் கேளுங்கள் என்றார்கள். நான் எந்த நாட்டுக்காரன் என்று இங்கே கேட்டால், அதைத்தான் நாங்களும் யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள்!

இந்தக் கடிதங்களெல்லாம் கொழும்புப் பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் காயல்பட்டணத்து முஸ்லிம் ஒருவரின் விலாசத்துக்குத்தான் வரும்; அவர்கள் வழக்கப்படி அண்ணன் என்பதற்குக் காக்கா என்றே அவரைக் கூப்பிடுவோம். நான் குடியிருக்கும் சந்துக்குத் தபால்காரர் வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் காக்கா உறையைத் தூக்கிக் காட்டி, "சூசை, இன்னொரு ராஜ்ஜியம் உன்னய வேண்டாம்னு சொல்லுது வாப்பா" என்பார். சிரிக்காமல் என்ன செய்வது? சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

மனுக்களை எழுதுவது பிலோமி. கன்னியர் மடத்துப் பள்ளியில் படிக்கிறாள். இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தமிழ்தான் இலங்கைத் தமிழாக மாறிப் போய்விட்டது. ஆமா என்று சொல்ல மாட்டாள், ஓம் என்பாள். பேசாதீங்க என்று சொல்ல மாட்டாள், கதைக்காதீங்க என்பாள். "ஏளா, இங்கன வா" என்று நம் ஊர்ப் பேச்சில் நான் கூப்பிடும்போது சிநேகிதிகள் யாராவது நின்றால் அவள் முகம் சிவந்துவிடும்.

முதல் மனு எழுதும்போது காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "பேட் என்டால் எங்கட பள்ளிக்கூடத்தில களவெடுத்த பிள்ளைக்குத்தான் போடுவாங்க. நீங்க என்ன எடுத்தீங்க அப்பா?" என்று கேட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னேன். கயிறு, சவரி மாமா, துரை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டாளே தவிர நம்பினாளா என்று தெரியவில்லை. நான் ஒரு மணி நேரம் சொன்னதை அவள் நாலு வரியில் எழுதிவிடுவாள். திருப்பித் தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னால், 'மனுதாரர் அப்போது கயிற்று வேலையில் ஈடுபட்டிருந்தார்' என்பாள். என்னமோ நான் பாய் முடைந்துகொண்டிருந்தது மாதிரி! "அப்படித்தான் அப்பா எழுத வேணும். நீட்டிக் கதைச்சால் வாசிக்க மாட்டாங்க" என்பாள்.

5

நோட்டீஸ் பார்த்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை. டெல்லியிலேயே வேறொரு இலாகாவுக்கு மனுப் போட்டேன். அதிர்ஷ்டவசமாக அங்கே யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படித்தார். தாள்கள் கிடைத்துவிட்டன என்றும், உமக்குச் சாட்சி உண்டா என்றும் கேட்டு எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாட்சியா? கயிற்றின் மறுமுனையில் இருந்தவனே இருக்கிறானே!

சவரிக்கு எழுதினேன். அவன் ஒருநாள் லீவு போட்டு, மாஜிஸ்டிரேட் முன்னால் போய், பைபிளில் கைவைத்து நடந்ததை நடந்தபடி சொல்லி, முத்திரை குத்தின வாக்குமூலத்தை அனுப்பினான். 'அன்று அவர் கயிற்றைக் கை மாற்றியிருந்தால் இந்த வாக்குமூலம் கொடுக்க நான் இருந்திருக்க மாட்டேன்' என்று அதில் இருந்தது. நான் அதை டெல்லிக்கு அனுப்பிவிட்டு, நிரந்தர வேலையே கிடைத்துவிட்ட மாதிரி லூர்துவிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது. சாட்சி சொல்பவர் மனுதாரரின் தங்கை கணவர் என்று தெரியவருகிறது, நெருங்கிய உறவினரின் வாக்குமூலத்தை ஏற்க முடியாது, மனுதாரருடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒருவரின் சாட்சியம் தேவை.

படித்துச் சொன்ன பிலோமியிடம் நான் கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள். எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒருவன் எங்கிருந்து வருவான்? தொடர்பு இருந்ததால்தானே அவன் கயிறு என் கையில் இருந்தது! உறவுக்காரன் என்பதற்காகத்தான் அவன் உயிரை என்னிடம் கொடுத்தான். அதே உறவுக்காரன் என்பதற்காக அவன் வார்த்தை செல்லாதாம். கடலுக்கு அடியில் போகிறவனுக்கு மச்சினன் வேண்டும், டெல்லிக்குப் போகிற மனுவுக்கு அந்நியன் வேண்டும். அந்தச் சிப்பாயின் பெயராவது எனக்குத் தெரியுமா? பம்பு சுற்றிய இருவரும் எந்த ஊரோ, உயிரோடு இருக்கிறார்களோ. கோபத்தில் அந்தக் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். லூர்து அதை எடுத்து நீவிப் பைபிளுக்குள் வைத்தாள்.

6

காற்றுக்காலம் முடிந்து தோணி ஓட்டம் மறுபடி தொடங்கிய சமயம் சவரியே வந்து நின்றான். தன் வார்த்தை செல்லவில்லை என்பது அவனுக்கு அவமானமாகிவிட்டது. கையில் ரோசம்மாள் கொடுத்தனுப்பிய உடன்குடிக் கருப்பட்டி. அவன் வந்த மறுநாள் டெல்லியிலிருந்து அடுத்த கடிதமும் வந்தது. காக்கா இந்தத் தடவை கேலி பேசவில்லை. கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு அவரே கொண்டுவந்தார்.

கருணையின் அடிப்படையில் 'பேட்' என்பதை 'குட்' ஆக மாற்றச் சம்மதமாம். ஒரே நிபந்தனை. அவர்களே டைப் அடித்து அனுப்பியிருந்த தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பிலோமி தமிழில் சொன்னாள்: "மேலதிகாரி உத்தரவிட்டதும் கயிற்றை ஒப்படைத்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்பதை உணர்கிறேன். அப்படிச் செய்யாதது என் குற்றம். அதற்காக வருந்துகிறேன்."

கீழே கையெழுத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

"போடு சூசை. கையெழுத்தத்தானே கேட்கான், கைய வெட்டியா கேட்கான்?" என்றார் காக்கா.

"போடுங்களேன்" என்றாள் லூர்து. "கேட்டுல போயி நின்னு நின்னு உங்க காலு வீங்குது. இந்தப் பிள்ள படிப்ப நெனச்சிப் பாருங்க. மாதா மன்னிப்பா."

நான் சவரியைப் பார்த்தேன். அவன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மச்சான், நான் சொல்லுதேன், போடும். அடியில கெடந்தது நான்தான? நான் உயிரோட உம்ம முன்னால இருக்கேன். இப்ப நீரு தாளுல கயித்த விட்டா நான் செத்தா போவேன்?"

அவன் சொன்னது சரிதான். எனக்கும் ஆசைதான், பொய் சொல்லவில்லை. பேனாவை வாங்கி மையில் தோய்த்தும்விட்டேன். ஆனால் எந்த வேலைக்காக இந்தக் கையெழுத்து? கயிறு பிடிக்கிற வேலைக்கு. கயிற்றை விட்டிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால்தான் கயிறு பிடிக்கிற வேலை கிடைக்கும் என்கிறார்கள். இது ஒருவருக்கும் உறைக்கவில்லையா?

"சரி மாப்ள, போடுதேன்" என்றேன். "போட்ட பெறவு நாளைக்கே நீரு தண்ணிக்குள்ள எறங்கணும். கயித்த யாருட்ட குடுப்பீரு?"

"இது என்ன கேள்வி? உம்மகிட்டதான்."

"இதுல கையெழுத்துப் போட்ட கையிலயா?"

சவரி கருப்பட்டியை எடுத்துத் தரையில் தட்டி உடைத்தான். யாரும் கேட்காமலே எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தான். காக்கா துண்டைக் கையில் வைத்துக்கொண்டே, "யா அல்லா" என்று எழுந்து செருப்பை மாட்டினார்.

அப்போதுதான் பிலோமி வாயைத் திறந்தாள். என்னிடம் கேட்கவில்லை, சவரியிடம் கேட்டாள்.

"மாமா, அண்டைக்கு நீங்க கயிற்றை இழுக்கேக்க, மேல ஆர் பிடிச்சிருக்கிறாங்க என்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? ஒங்கப்பன்னு தெரிஞ்சிதாம்ளா இழுத்தேன். வேற ஆளுன்னா இழுத்துத்தான் என்ன புண்ணியம்?"

அவள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, டைப் அடித்திருந்த வரிகளின் மேல் ஸ்கேலை வைத்து நேராகக் கோடு போட்டு அடித்தாள். கீழே சின்னதாக ஏதோ எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். தமிழில் சொன்னாள்: "உத்தரவு என் காதில் விழுந்தது. கயிற்றின் கீழே ஆள் இருந்தது. நான் விடவில்லை. இனியும் விடமாட்டேன்."

இத்தனை வருஷத்தில் நான் சொன்னதை அப்படியே சொன்ன மனு அது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டேன். லூர்து அழுதாள். ஆனால் தடுக்கவில்லை.

7

மனு தள்ளுபடி ஆனது. அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அந்த நிரந்தர வேலை, பட்டாளத்தில் சாமான் கிடங்கு பார்த்த ஒருவருக்குப் போனது. அவருடைய காகிதத்தில் 'வெரி குட்' இருந்ததாம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, தங்கமான மனிதர். தண்ணீரைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும், அவ்வளவுதான்.

முக்குளிப்பவர்களில் மூத்தவர் ஒரு சிங்களவர். புது ஆள் கயிற்றைப் பிடித்த அழகை ஒருநாள் பார்த்துவிட்டு அவர் தண்ணீரில் இறங்காமலே உட்கார்ந்துவிட்டார். நானும் இந்த வேலைக்கு முயன்றேன் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. என்னைக் கூப்பிட்டு, உனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், கயிற்றை விடவில்லை, அதனால் 'பேட்' என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து தனக்கு இரும்புத் தொப்பியை மாட்டச் சொன்னார். கயிற்றை என் கையில் வைத்தார். அவருக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

அன்றிலிருந்து கயிறு என்னிடம்தான். சம்பளமும் உத்தியோகப் பெயரும் சீருடைத் தொப்பியும் அந்தக் கிடங்குக்காரருக்கு. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் இன்னும் தினக்கூலிதான். தினமும் கேட்டில் நிற்கிறேன், காலும் வீங்குகிறது, புதுச் சட்டம் வந்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அடுத்த மனுவை யாருக்குப் போடுவது என்று பிலோமியும் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். இப்போது அவளே முதலில் அந்தப் பேச்சை எடுக்கிறாள். ஓம் என்று சொல்வது மட்டும் மாறவில்லை.

நேற்று மத்தியானம் மூத்தவர் ஒரு கப்பலின் அடியில் இருந்தார். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. கிடங்குக்காரர் அவசரமாகக் குடையை மடக்கி எழுந்து நின்றதிலிருந்து, வந்தவர் பெரிய அதிகாரி என்று தெரிந்தது. அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, யார் இந்த ஆள், பெயர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை குரலை உயர்த்திக் கேட்டார்.

ஆள் கீழே இருந்தது. நான் திரும்பவில்லை.